பரிகாரம் யாருக்கு? - விற்பனை வரியிலிருந்து ஜிஎஸ்டி வரை ஒரு விவசாயியின் கணக்கு

இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தவர் பிறந்த ஊர், நான் இப்போது குடியிருக்கும் சந்தாபுராவிலிருந்து அதிக தூரமில்லை. அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, தொரப்பள்ளி. ஆமாம், ராஜாஜிதான். அவர் மூதறிஞர், டெல்லியில் கவர்னர் ஜெனரல் பங்களாவில் இருந்தவர், ராமாயணம் எழுதியவர் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். கடையில் பில் போடும்போது அடியில் வருகிற வரி வரிசைக்கும் அவர்தான் பிள்ளையார் சுழி என்பது பலருக்குத் தெரியாது.

இதைத் தோண்டக் காரணம் என் சித்தப்பா. கும்பகோணத்துப் பக்கம் மூன்று ஏக்கர் சொந்தமும் இரண்டு ஏக்கர் குத்தகையுமாக நெல்லும் உளுந்தும் போடுகிறார். போனில் கேட்டார். "ஏண்டா, விவசாயிக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு டிவில சொல்றான். பூச்சி மருந்து பில்லுல ரெண்டு எடத்துல அதுவே போட்டிருக்கே, இது எந்த ஊர் ஜிஎஸ்டி?" ஐயாயிரம் ரூபாய் மருந்துக்கு மத்திய அரசுக்கு 450, மாநில அரசுக்கு 450. மொத்தம் 900. கம்ப்யூட்டர் படித்த பையன் ஏதாவது சொல்வான் என்று நம்பிக் கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எண்பத்தைந்து வருஷக் கதையாக அது நீண்டுவிட்டது.

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. ராஜாஜி பிரதமர் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்). அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, ஆகவே அவருடைய சொந்த ஊரும் இந்தச் சோதனைக்குள் வந்தது. அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரிந்தது. கள், சாராயக் கடைகளை மூடினால் கஜானாவில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் வந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். வியாபாரிகள் கொதித்தார்கள், எதிர்க்கட்சி திட்டித் தீர்த்தது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்கிறவருக்கு வரி இல்லை, மற்றவர்களுக்கும் விகிதம் சிறியதுதான் என்று சமாதானம் சொன்னார்கள். பெரியதாக ஒன்றும் இல்லை, இழந்ததற்கு ஈடு, அவ்வளவுதான் என்று. அதாவது நம்மூர் விற்பனை வரி பிறந்ததே இழப்பீடாகத்தான். அந்த இழப்பீடு யாருக்கு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்துக்கு.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விற்றுமுதல் என்றால் என்ன என்று விளக்குகிற இடம். தானே விளைவித்த பயிரை, அல்லது தனக்குப் பாத்தியதை உள்ள நிலத்தில் விளைந்ததை ஒருவர் விற்றால் அந்தத் தொகை கணக்கில் சேராது. பாத்தியதை என்பது சொந்தக்காரராகவும் இருக்கலாம், போக்கியத்துக்கு வாங்கியவராகவும் இருக்கலாம், குத்தகைதாரராகவும் இருக்கலாம். விவசாயியை வரி இன்ஸ்பெக்டர் தொடக்கூடாது என்று சட்டம் எழுதியவர்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்திருக்கிறது. குத்தகைதாரரை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். (இந்தக் குத்தகை விஷயத்துக்கு மறுபடி வருவேன்.)

இங்கே சந்தாபுரா பக்கம் அப்போது மைசூர் மகாராஜா ராஜ்யம். ஆனேக்கல் தாலுகாவும் அத்திப்பள்ளியும் மைசூரில், ஓசூர் வெள்ளைக்காரன் மாகாணத்தில். மைசூரில் விற்பனை வரிச் சட்டம் வந்தது 1948-இல்தான். ஆக ஒன்பது வருஷம் இந்த ரோட்டில் ஒரு பக்கம் விற்பனை வரி உண்டு, மறு பக்கம் கிடையாது. பின்னால் மொழிவாரி மாநிலம் வந்து, கர்நாடகப் பக்கம் 1957-இலும் தமிழ்நாட்டுப் பக்கம் 1959-இலும் புதுச் சட்டங்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லையில் சாவடி, லாரி வரிசை, பர்மிட், டெலிவரி நோட்டு. பெங்களூரில் கொஞ்சம் பழைய ஆட்களாக இருந்தால் அத்திப்பள்ளியிலும் ஜூஜுவாடியிலும் பஸ் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போனது ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பழைய விற்பனை வரியில் விவசாயிக்குக் கொடுத்த விலக்கு கிட்டத்தட்ட முழு விலக்குதான். காரணம், அந்தக் காலத்து விவசாயி கடையில் வாங்கியதே சொற்பம். விதை போன போகத்து நெல், உரம் தொழுவத்து எரு, மாடு வீட்டில் பிறந்தது, பூச்சிக்கு வேப்பம் புண்ணாக்கு. விற்கிற இடத்தில் வரி இல்லை என்றால் வரியே இல்லை என்றுதான் அர்த்தம். பசுமைப் புரட்சிக்குப் பிறகு நிலத்துக்குள் போகிற பாதிச் சாமான் கடையிலிருந்து வர ஆரம்பித்தது. யூரியா, பொட்டாஷ், மருந்து, மோட்டார், பிவிசி பைப், டிராக்டர், டயர். சட்டத்தில் விலக்கு வாசகம் அப்படியேதான் இருந்தது. அதன் மதிப்பு மட்டும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது.

அடுத்து வாட். மதிப்புக் கூட்டு வரி. 1954-இல் பிரான்சில் மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரி வடிவமைத்தது. நம் நாட்டில் மாநில அளவில் ஹரியானா 2003-இல் முந்திக்கொண்டது. 2005 ஜனவரி 17-ஆம் தேதி, அசிம் தாஸ்குப்தா தலைமையிலான மாநில நிதி அமைச்சர்கள் குழுவின் வெள்ளை அறிக்கை வந்தது. ப.சிதம்பரம் அப்போது மத்திய நிதி அமைச்சர். ஏப்ரல் 1 முதல் கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் மாறின. தமிழ்நாடு மாறவில்லை. ஜெயலலிதா அரசு வேண்டாம் என்று நின்றது. ஆட்சி மாறி, கருணாநிதி காலத்தில் 2007 ஜனவரி 1-ஆம் தேதிதான் அங்கே வாட். ஆக மறுபடியும் இந்த ரோட்டில் இருபத்தொரு மாதம், அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு வரிமுறை, அந்தப் பக்கம் வேறு வரிமுறை. சரித்திரம் இந்த இடத்தில் ஏதோ பழக்கதோஷத்தில் நடந்துகொள்கிறது :-)

வாட் என்றால் என்ன என்று பெரிய பெரிய வார்த்தையில் எழுதுவார்கள். விஷயம் எளிது. பொம்மசந்திராவில் ஒரு பட்டறைக்காரர் இரும்பு வாங்கும்போது நூறு ரூபாய் வரி கட்டுகிறார். அதில் பொருள் செய்து விற்கும்போது இருநூறு ரூபாய் வரி வசூலிக்கிறார். அரசுக்குக் கட்ட வேண்டியது மீதி நூறு மட்டும். வாங்கும்போது கட்டியது கழிந்துவிடும். சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் இதே கணக்கு. வரி கடைசியில் சாமானை உபயோகிக்கிற நம் தலையில் வந்து இறங்கும்.

சங்கிலிக்குள் இருந்தால்தான் இந்தச் சலுகை. அதே பட்டறைக்கு எதிரே ராகி போடுகிறவர் சங்கிலிக்கு வெளியே நிற்கிறார். கர்நாடக வாட் சட்டத்தில் அவர் வியாபாரியே இல்லை. தன் நிலத்தில் தான் பயிரிட்டதை மட்டும் விற்கிற விவசாயி வியாபாரியாகக் கருதப்பட மாட்டார் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 1939-இன் அதே நல்ல மனசு. ஆனால் வியாபாரி இல்லை என்றால் கழிவும் இல்லை. வெள்ளை அறிக்கை விவசாய இடுபொருள்களை 4 சதவீதப் பட்டியலில் வைத்தது. உரத்திலும் மருந்திலும் கட்டிய 4 சதவீதம் அவரிடமே தங்கிவிடும். கேட்டு வாங்கவும் முடியாது, விலையில் ஏற்றவும் முடியாது. கே.ஆர். மார்க்கெட்டில் தக்காளி விலையை அவரா நிர்ணயிக்கிறார்?

என் கட்சி இதுதான். பழைய வரியில் விலக்கு என்பது வரம். மதிப்புக் கூட்டு வரியில் அதே விலக்கு, கதவை வெளியில் தாழ் போட்ட மாதிரி. வார்த்தை ஒன்றுதான், அது செய்கிற வேலை தலைகீழாகிவிட்டது. சித்தப்பா பில்லில் இருந்த 900 ரூபாய்க்கு விளக்கம் இவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பாவில் 1977-இல், ஆறாவது வாட் உத்தரவு என்று சொல்லப்படுகிற சட்டத்தில், விவசாயிக்கென்றே ஒரு பொதுத் திட்டம் எழுதினார்கள். அங்கும் சிறு விவசாயியைக் கணக்குப் புத்தகம் எழுதச் சொல்ல முடியாது என்பது தெரியும். அதனால் சங்கிலிக்கு வெளியே விட்டார்கள், ஆனால் கையில் ஒன்றைக் கொடுத்து விட்டார்கள். இழப்பீட்டு விகிதம். அயர்லாந்தில் இருக்கிற நம் ஆட்கள் பால் பண்ணைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்யாத விவசாயி பால் சொசைட்டிக்கு நூறு யூரோவுக்குப் பால் ஊற்றினால், 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் சொசைட்டி 105 யூரோ 10 சென்ட் கொடுக்கும். அந்த 5.10-ஐ சொசைட்டி தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும். அந்தத் தொகையை விவசாயி அரசுக்குக் கட்ட வேண்டாம், உரத்திலும் இயந்திரத்திலும் அவர் கொடுத்த வரிக்கு அது ஈடு. கொட்டகை கட்டினாலோ, வேலி போட்டாலோ, வடிகால் வெட்டினாலோ அதில் கட்டிய வாட்டைத் தனியாகத் திரும்பக் கேட்கவும் அங்கே வழி உண்டு. பிரிட்டனில் இந்தக் கூடுதல் 4 சதவீதம். ஜெர்மனியில் நீண்ட காலம் 10.7 ஆக இருந்தது.

உடனே ஐரோப்பா சொர்க்கம் என்று சொல்லிவிடப் போவதில்லை. ஜெர்மனியில் பெரிய பண்ணைகள் கட்டிய வரியைவிட அதிகமாக ஈடு வாங்குகின்றன என்று ஐரோப்பிய ஆணையம் பிடித்துக்கொண்டது. 2022 முதல் ஆறு லட்சம் யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள பண்ணைகளை இந்தத் திட்டத்திலிருந்து வெளியே தள்ளினார்கள், விகிதத்தையும் படிப்படியாகக் குறைத்து 2025-இல் 7.8-க்குக் கொண்டு வந்தார்கள். நெதர்லாந்து 2018-இல் திட்டத்தையே எடுத்துவிட்டது. கொஞ்சம் கொடுத்தால் பெரிய முதலாளி முதலில் வரிசையில் நிற்பான் என்பது எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனாலும் அங்கே நடந்த சண்டை எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றி. நம்மிடம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியே மேஜைக்கு வரவில்லை.

நம்மிடம் இழப்பீடு இல்லாமலா போயிற்று? தாராளமாக இருந்தது. வாட்டுக்கு மாறுவதால் மாநிலங்களுக்கு வருமானம் குறைந்தால் முதல் வருஷம் முழு நஷ்டத்தையும், இரண்டாம் வருஷம் 75 சதவீதத்தையும், மூன்றாம் வருஷம் 50 சதவீதத்தையும் மத்திய அரசு ஈடு செய்யும் என்று ஒப்பந்தம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இன்னும் பெரிய ஏற்பாடு. 2015-16 வருமானத்தை அடிப்படையாக வைத்து, வருஷத்துக்கு 14 சதவீத வளர்ச்சி உத்தரவாதம், ஐந்து வருஷத்துக்கு. குறைந்தால் மத்திய அரசு போட்டுக் கொடுக்கும். கொரோனா காலத்தில் வசூல் விழுந்ததும் இதற்காகவே மத்திய அரசு கடன் வாங்கியது, 2020-21-இல் 1.1 லட்சம் கோடி, அடுத்த வருஷம் 1.59 லட்சம் கோடி. 2022 ஜூன் 30-உடன் அந்த ஐந்து வருஷம் முடிந்தது. மாநிலங்கள் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். வரி போடும் உரிமையை விட்டுக் கொடுத்தவர்கள் ஈடு கேட்பது நியாயம். வருஷத்துக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் என்பதை எந்த விவசாயியாவது கனவிலாவது கண்டிருப்பாரா என்றுதான் யோசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன மொழி விஷயம். கன்னடத்தில் இழப்பீட்டுக்கு 'பரிஹாரா' என்பார்கள். வந்த புதிதில் டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் "பரிஹாரா பந்தா?" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, ஏதோ திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி சமாச்சாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் பேசியது நிலம் எடுத்ததற்கு வர வேண்டிய பணத்தைப் பற்றி. சந்தாபுரா பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பல வருஷமாக அதுதான் அர்த்தம். 1970-களின் கடைசியில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டி வந்தது. பிறகு பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள், வீட்டு வசதி வாரியத்தின் சூர்யா நகர். நம்மில் பலர் ஈஎம்ஐ கட்டுகிற பிளாட்டுகள் நிற்பது ராகிக் கொல்லையிலும் மல்பெரித் தோட்டத்திலும்தான். நிலத்தை விட்டால் விவசாயிக்குப் பரிஹாரா உண்டு, முன்னே பின்னே ஆனாலும் கோர்ட்டுக்குப் போயாவது வாங்கலாம். நிலத்தை விடாமல் உழுதுகொண்டே இருந்தால் அவர் கட்டுகிற வரிக்கு அந்தச் சொல்லே கிடையாது.

ஜிஎஸ்டி சட்டத்திலும் 23-ஆம் பிரிவில் அதே பழைய வாசகம் வேறு உடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நிலத்தில் விளைந்ததை விற்கிற அளவில் விவசாயி பதிவு செய்ய வேண்டாம். சரி, நானே விரும்பிப் பதிவு செய்கிறேன் என்று சித்தப்பா போனாலும் பிரயோஜனமில்லை. நெல்லுக்கு வரி இல்லை, வரி இல்லாத பொருளுக்குக் கழிவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. அதே பொருளை ஏற்றுமதி செய்தால் விதி வேறு. ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம், உள்ளே கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாம், பொருள் விலக்குப் பட்டியலில் இருந்தாலும் சரி. ஓசூரில் பசுமைக்குடில் போட்டு ரோஜாவை விமானம் ஏற்றுகிறவர் பதிவு செய்திருந்தால், பாலித்தீன் ஷீட்டுக்கும் மருந்துக்கும் கட்டிய வரி திரும்பி வரும். பக்கத்து வயலில் அரை ஏக்கரில் ரோஜா வைத்து, விடிகாலை டெம்போவில் மூட்டை கட்டி கே.ஆர். மார்க்கெட் கொண்டு வருகிறவருக்கு வராது. அந்நியச் செலாவணி வேண்டும், புரிகிறது. ஆனால் முடியும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது இல்லையா? மனசு வைத்தால் விலக்குப் பொருளுக்கும் வரியைத் திருப்பித் தர வழி இருக்கிறது.

எதிர்வாதம் என்ன என்பதும் எனக்குத் தெரியும். ஆபீஸில் சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் பாய்ந்தே வந்தார். "உர மானியம் எத்தனை ஆயிரம் கோடி தெரியுமா? கரண்ட் இலவசம், வருமான வரி கிடையாது, பிஎம் கிசான்ல வருஷம் ஆறாயிரம். இதுக்கு மேல என்ன சார்?" நியாயமான கேள்வி. யூரியா மூட்டை விலையில் பெரும்பங்கை அரசு சுமக்கிறது என்பது உண்மை. மானியத்தையும் வரியையும் கூட்டிக் கழித்தால் பல விவசாயிகள் மானியப் பக்கம்தான் நிற்பார்கள். ஆனால் மானியம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், தேர்தலுக்குத் தேர்தல் பெயர் மாறும். வரிக் கழிவு பட்டறைக்காரரின் உரிமை, அவர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ஒருவருக்கு உரிமை, இன்னொருவருக்குத் தர்மம் என்றால் இரண்டு தொகையும் சமமாக இருந்தாலும் அது சமம் ஆகாது. இன்னொன்றும் உண்டு. 2019-இல் ஆரம்பித்த அந்த ஆறாயிரம், நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவர் மருந்து பில்லில் வரி கட்டுவார், கிசான் பணம் நிலச் சொந்தக்காரர் கணக்கில் விழும். சித்தப்பாவின் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு நிலம் கொடுத்தவர் எங்கோ குடியிருக்கிறார், நம்மைப் போல. 1939-இல் குத்தகைதாரரை ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று சொன்னேனே, அதற்குத்தான்.

ஐரோப்பிய முறையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே வாங்குகிறவர் சொசைட்டி, ஆலை, எல்லாம் பதிவும் பில்லும் உள்ளவை. இங்கே கமிஷன் மண்டி, தரகர், தலைச்சுமை. வாங்குகிறவருக்கும் காய்கறியில் வரி இல்லாததால் கழிக்க ஒன்றும் இல்லை. அப்படியானால் மிஞ்சுவது இடுபொருள் வரியைக் குறைப்பது. அது துண்டு துண்டாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜிஎஸ்டி அமலாவதற்கு முந்தின நாள், 2017 ஜூன் 30-ஆம் தேதி, உரத்துக்கு 12 என்று வைத்திருந்ததை 5 ஆக்கினார்கள். 2018 ஜனவரியில் சொட்டு நீர்ச் சாதனங்கள் 18-லிருந்து 12. அப்புறம் 2022 ஜூலை 18-ஆம் தேதி, எல்லோரும் பாக்கெட் தயிருக்கும் அரிசிக்கும் 5 சதவீதம் என்று கத்திக்கொண்டிருந்த அதே நாளில், தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பு 12-லிருந்து 18-க்கு ஏறியது. தயிர் எல்லா டிவியிலும் வந்தது, பம்பு கோயமுத்தூர்க்காரர்களோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 22-இல் பெரிய குறைப்பு. டிராக்டர், அதன் டயர், உதிரி பாகம், சொட்டு நீர்ச் சாதனம், நுண்ணூட்டம், உயிரிப் பூச்சிக்கொல்லி எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. இது நல்ல காரியம், மனதாரப் பாராட்டலாம். சாதாரண ரசாயனப் பூச்சி மருந்தை அப்போதும் 18-லேயே விட்டார்கள். சித்தப்பாவின் 900 ரூபாய் அசையவில்லை.

இன்னொன்றும் அசையவில்லை. டீசல். வாட் செத்துப் போய் ஜிஎஸ்டி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பெட்ரோல் பங்கில் வாட் உயிரோடுதான் இருக்கிறது. டிராக்டர் உழவு, அறுவடை மெஷின் வாடகை, விளைச்சலை ஏற்றுகிற டெம்போ, எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. இதில் கழிவு விவசாயிக்கும் இல்லை, பட்டறைக்காரருக்கும் இல்லை. கர்நாடகம் டீசல் விற்பனை வரியை 2024 ஜூனில் 18.4 சதவீதம் ஆக்கி, 2025 ஏப்ரல் 1 முதல் 21.17 ஆக்கியது. தமிழ்நாட்டில் வேறு விகிதம், வேறு கணக்கு. ஓசூர்ப் பக்கம் அறுப்புக்கு வண்டி கொண்டு போகிறவர்கள் டேங்கை எங்கே நிரப்புவது, அத்திப்பள்ளிக்கு முன்னாலா பின்னாலா என்று விலைப் பலகையைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்கள்.

சித்தப்பாவிடம் இத்தனையும் போனில் சொல்லி முடித்தபோது அரை மணி நேரம் ஆகிவிட்டது. பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்த 900 போனது போனதுதாங்கிறே" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். இந்த வருஷத்து பில்களை எல்லாம் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்து, உரம், பைப், டீசல், அறுவடை வாடகை எல்லாம். தை மாதம் ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.